மேல்காது குத்தும் முன்: எங்கே போவது, எதைக் கேட்பது, எப்படி ஆற்றுவது

திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். காது குத்திய புண்ணோடு வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. காதின் கீழ்நுனியான சோணையில் புண் வைத்து வருகிறவர்கள் பெரும்பாலும் மருந்து வாங்கிக்கொண்டு அன்றே வீட்டுக்குப் போய்விடுவார்கள். மேல்காதில் குத்தி, காது சிவந்து தடித்து, தலையணையில் சாய்க்க முடியாமல் வருகிறவர்களில் பலரை அட்மிட் செய்ய வேண்டி வருகிறது. வயது என்னவோ பதினாறு, பதினெட்டு, இருபதுதான். அந்தப் பிள்ளைகள் ஆசைப்பட்டதில் ஒரு தப்பும் இல்லை. குத்தின இடத்திலும் குத்தின கருவியிலும்தான் தப்பு.

குத்த வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. எனக்கு மூக்குத்தி ரொம்பப் பிடிக்கும், போட்டிருக்கிறேன். எங்கள் ஆச்சி காதில் பாம்படம் ஆடும். மேல்காதில் கொப்பும் முருகும் போட்டிருந்தாள். குத்துங்கள், ஆசையாகக் குத்துங்கள். ஆனால் சோணைக்கு ஒரு கணக்கு, குருத்தெலும்புக்கு வேறு கணக்கு. இதை மனதில் வைத்துக்கொண்டால் எங்கே போவது, என்ன கேட்பது என்பதெல்லாம் தானாகத் தெளிவாகிவிடும்.

குருத்தெலும்பு ஏன் வேறு

உங்கள் காதைத் தொட்டுப் பாருங்கள். கீழே மெத்தென்று மடங்குவது சோணை. தோலும் கொழுப்பும்தான், ரத்த ஓட்டமும் தாராளம். புண் வந்தாலும் உடம்பு சீக்கிரம் சமாளித்துவிடும். மேலே விறைப்பாக, மடக்கி விட்டால் தானே நிமிர்வது குருத்தெலும்பு. அதற்கென்று சொந்தமாக ரத்தக் குழாய் கிடையாது. மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வு ஒன்று கொடுப்பதை வாங்கித்தான் அது உயிரோடு இருக்கிறது. அந்தச் சவ்வுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவில் சீழ் கோத்துக்கொண்டால் சவ்வு மேலே எழும்பிவிடும், குருத்தெலும்பு பட்டினி கிடந்து சாகும். செத்தது திரும்ப வளராது. சீழைக் கீறி எடுத்து, செத்த பகுதியையும் வெட்டி எடுத்த பிறகு, தாங்க ஒன்றும் இல்லாமல் காதின் மேல்பாதி சுருங்கிப்போகும். அதைத் திரும்ப உருவாக்க விலாவிலிருந்து குருத்தெலும்பு எடுத்து வைக்கும் பெரிய ஆபரேஷன் தேவைப்படும்.

இப்படிச் சீழ் பிடிக்க வைப்பது பெரும்பாலும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. ஈரம் எங்கே உண்டோ அங்கே அது இருக்கும். கை கழுவும் தொட்டி, ஸ்பாஞ்ச், குழாய் வாய், சில நேரம் கிருமிநாசினி பாட்டிலுக்குள்ளேயே கூட. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில் ஒரு கடையில் மேல்காது குத்திக்கொண்டவர்களுக்கு அடுத்தடுத்து காது வீங்கியது. 7 பேருக்கு சூடோமோனாஸ் என்று ஆய்வகத்தில் உறுதியானது, இன்னும் பலருக்குச் சந்தேகம். தேடிப் போனவர்கள் கடைசியில் அதே கிருமியை, அங்கே புழங்கிய கிருமிநாசினி ஸ்ப்ரே பாட்டிலில் கண்டுபிடித்தார்கள். சுத்தம் செய்ய அடித்த மருந்திலேயே கிருமி. பாட்டிலில் மேலே மேலே ஊற்றி நிரப்பிக்கொண்டே இருக்கும் கடையைப் பார்த்தால் எனக்கு அந்தச் சம்பவம்தான் ஞாபகம் வரும்.

'அந்தக் காலத்தில் கொப்பு குத்தவில்லையா, எல்லோரும் நன்றாகத்தானே இருந்தார்கள்' என்று பெரியவர்கள் கேட்பார்கள். குத்தினார்கள், ஆசாரி கையால் மெல்லிய ஊசி கொண்டு குத்தினார். ஆறின காதுகளைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். சீழ் வைத்துக் காது சுருங்கிய கிழவிகளையும் நான் வார்டில் பார்த்திருக்கிறேன். கேட்டால் 'சின்ன வயசுல காது குத்துனது, அப்படியே போச்சு' என்பார்கள். அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கன் ஷாட் பற்றி

நகைக் கடையிலும் பார்லரிலும் இருக்கும் காது குத்தும் கன்னை மேல்காதுக்கும் மூக்குக்கும் பயன்படுத்த விடாதீர்கள். இதில் எனக்கு இரண்டாம் பேச்சு கிடையாது.

காரணம் எளிது. பெரும்பாலான கன்களின் உடல் பிளாஸ்டிக். ஆட்டோகிளேவ், அதாவது அழுத்தமான நீராவியில் கிருமி நீக்கும் கருவி, அதன் சூட்டில் வைத்தால் உருகிவிடும், அதனால் ஸ்பிரிட் போட்டுத் துடைப்பதோடு சரி. முந்தின ஆளின் ரத்தம் கண்ணுக்குத் தெரியாத துளியாக அதில் ஒட்டியிருந்தால்? ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே காய்ந்த ரத்தத்தில் குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். அடுத்தது, கன் வைத்துக் குத்தும்போது உள்ளே போவது ஊசி கிடையாது, கம்மலின் மழுங்கின முனைதான். ஸ்பிரிங் விசையில் அது சதையை நெருக்கிக்கொண்டு போகும். கம்மலின் தண்டும் குட்டை. வீங்குவதற்கு இடம் இருக்காது. பின்னால் இருக்கும் பட்டர்ஃபிளை பூட்டு இறுக்கிப் பிடித்து, அழுக்கையும் சேர்த்துக்கொள்ளும். மறுநாள் காது வீங்கினால் கம்மல் சதைக்குள் புதையும். புதைந்த கம்மலை நாங்கள் கீறித்தான் எடுக்கிறோம்.

சோணைக்கு மட்டும் என்றால், உறை பிரிக்காத, ஒரு தடவை மட்டும் பயன்படுத்தும் கேசட் வைத்துக் குத்துகிற இடங்கள் பரவாயில்லை. அதையும் உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள்.

இடத்தைப் பார்க்கப் போவது

என் அக்கா மகள் சென்னையில் படிக்கிறாள். மேல்காதின் விளிம்பில், ஹீலிக்ஸ் என்பார்கள், அங்கே குத்த வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். 'சித்தி, ஒரு நிமிஷ வேலைதானாம், வலிக்கவே வலிக்காதாம்' என்றாள். 'ஏட்டி, வலியைப் பத்தி நான் கேக்கவே இல்லையே, ஊசியை எப்படிச் சுத்தம் பண்றாங்கன்னு கேட்டியா' என்றேன். அவளுக்குத் தெரியவில்லை. லீவு போட்டுப் போனேன். குத்துவதற்கு முந்தின நாள், சும்மா பார்க்க மட்டும் இடங்களுக்குப் போனோம். இதைத்தான் எல்லோருக்கும் சொல்கிறேன்: முதலில் குத்தாமல் போய்ப் பாருங்கள். கையில் காசும் காதில் ஆசையும் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்த பிறகு யாராலும் எழுந்து வர முடியாது.

முதல் இடம் பார்லர். கருவியை எப்படிக் கிருமி நீக்குகிறீர்கள் என்று கேட்டேன். 'டெட்டால்ல முக்கி வெச்சிருவோம் மேடம், நீல லைட் பெட்டியும் இருக்கு' என்றார்கள். அந்த நீல விளக்குப் பெட்டி அடுத்த ஆளுக்கு வரும்வரை பொருளை மூடி வைக்க உதவலாம். கிருமி நீக்கம் என்று அதைச் சொல்ல முடியாது. டெட்டால், ஸ்பிரிட், வெந்நீர் எதுவும் போதாது, பாக்டீரியா தன்னைக் காத்துக்கொள்ள எடுக்கும் கெட்டியான வடிவமான வித்து இவற்றுக்கெல்லாம் சாகாது. அடுத்த இடத்தில் ஆட்டோகிளேவ் இருந்தது, ஆனால் ப்ளக் கூட மாட்டாமல் மேலே துண்டு மடித்து வைத்திருந்தார்கள்.

மூன்றாவது இடத்தில் பேச்சே வேறு மாதிரி இருந்தது. குத்துகிற பெண் ஒரு சிறு பையை எடுத்து என் கையில் கொடுத்தார். ஒரு பக்கம் காகிதம், மறுபக்கம் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். உள்ளே இடுக்கி. ஓரத்தில் அச்சடித்த சின்னக் கட்டம் பழுப்பாக மாறியிருந்தது. நீராவியில் போகாத புதுப் பையையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார், அதில் அதே கட்டம் வேறு நிறம். எந்த நிறம் எந்த நிறமாகும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும், மாறியிருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். பையின் மேல் தேதி பேனாவில் எழுதியிருந்தது. 'எவ்வளவு சூட்டில் வைப்பீர்கள்' என்றேன். '121 டிகிரி, பையோட வெச்சா அரை மணி நேரம்' என்று யோசிக்காமல் சொன்னார். நிறம் மாறுவது சூடு பட்டதை மட்டும்தான் காட்டும், உண்மையில் கிருமி செத்ததா என்று பார்க்க வித்துச் சோதனை என்று ஒன்று உண்டு. அதைச் செய்கிறீர்களா என்று கேட்டபோது ரிப்போர்ட் ஃபைலை எடுத்து நீட்டினார். எனக்கு அங்கேயே மனம் ஒப்பியது.

இன்னொன்றும் நடந்தது. பிள்ளை ஹீலிக்ஸோடு சேர்த்து, காதின் குறுக்கே ஒரே கம்பி போகும் இண்டஸ்ட்ரியலும் வேண்டும் என்றாள். அந்தப் பெண் காதை விரலால் தடவிப் பார்த்து, 'உங்க காது மடிப்பு இதுக்கு சரிவராது, கம்பி அழுத்திக்கிட்டே இருக்கும், ஆறாது, நான் குத்த மாட்டேன்' என்று சொல்லிவிட்டார். வருகிற காசை வேண்டாம் என்று சொல்கிற ஆளை நம்பலாம். கேட்டதையெல்லாம் குத்தித் தருகிறேன் என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழை ரொம்பப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சில நாள் வகுப்புக்கும் சான்றிதழ் கிடைக்கிறது. அதைவிட, அவர் குத்தி ஆறு மாதம் ஆன காதுகளின் போட்டோவைக் கேளுங்கள். குத்தின அன்றைக்கு எல்லாக் காதும் அழகாகத்தான் இருக்கும். அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய அசோசியேஷன் ஆஃப் புரொஃபஷனல் பியர்ஸர்ஸ் என்ற அமைப்பு உண்டு. அதன் வழிகாட்டுதலைப் படித்தவரா என்று கேட்டுப் பாருங்கள், பேச்சிலேயே தெரிந்துவிடும். வயது குறைந்த பிள்ளை தனியாக வந்தால் அப்பா அம்மாவைக் கூட்டி வரச் சொல்கிறாரா, சர்க்கரை, அலர்ஜி, மாத்திரை பற்றி அவராகவே கேட்கிறாரா என்பதும் நல்ல அடையாளம். மரத்துப்போக ஊசி போடுகிறேன் என்று டாக்டர் அல்லாதவர் யாராவது சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

செலவு கூடத்தான் ஆகும். பார்லரில் சில நூறில் முடிவது, இப்படிப்பட்ட இடத்தில் நகையோடு சேர்த்து ஆயிரங்களில் போகும். காசு சேரும்வரை காத்திருங்கள்.

முதல் நகை

நம் வீடுகளில் '916 தங்கம்தானே, என்ன ஆகிவிடும்' என்பார்கள். சோணைக்கு அது பெரும்பாலும் ஒத்துப்போகிறது, தலைமுறை தலைமுறையாகப் போட்டிருக்கிறோம். மேல்காதுப் புண்ணுக்கு முதல் நகையாக நான் அதைச் சொல்ல மாட்டேன். 22 காரட் தங்கம் மெது. தண்டில் கீறல் விழும், கீறலில் அழுக்கு தங்கும். அதோடு, நம் திருகாணித் தோட்டின் தண்டிலேயே மரை வெட்டியிருக்கும். ஆறாத துளைக்குள் அந்த மரை போய் வரும்போதெல்லாம் உள்தோலைச் சுரண்டும்.

மேல்காதுக்கும் மூக்குக்கும் உடம்புக்குள் வைக்கும் தரமுள்ள டைட்டானியம் வாங்குங்கள். ஏஎஸ்டிஎம் எஃப்136 என்று கேளுங்கள், அதற்கான உலோகச் சான்றையும் கேளுங்கள். பின்பக்கம் தட்டையான வட்டு உள்ள லாப்ரெட் நல்லது; முடியும் துப்பட்டாவும் மாட்டாது, படுத்தால் குத்தாது. 'சர்ஜிக்கல் ஸ்டீல்' என்ற பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம், அதில் நிக்கல் உண்டு. கவரிங் கம்மல் போட்டால் உங்களுக்குக் காது அரிக்குமா? ஜீன்ஸ் பட்டன் படுகிற இடத்தில் வயிறு சிவக்குமா? அப்படியென்றால் நிக்கல் அலர்ஜியாக இருக்கலாம், ஸ்டீல் பக்கமே போக வேண்டாம். காந்தம் ஒட்டவில்லை, அதனால் டைட்டானியம் என்று காட்டுவார்கள். நல்ல ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது.

முதல் தண்டு கொஞ்சம் நீளமாகத்தான் இருக்க வேண்டும், வீக்கத்துக்கு இடம் வேண்டுமே. வீக்கம் வற்றியதும், பொதுவாக 4 முதல் 8 வாரத்தில், அதே ஆளிடம் போய்க் குட்டைத் தண்டு மாற்றிக்கொள்ள வேண்டும். நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள். நீளத் தண்டு ஆடி ஆடித் துளை சாய்ந்துவிடும், ஓரத்தில் பருப்பு போல ஒரு மொட்டு கிளம்பும்.

யார் கொஞ்சம் பொறுக்க வேண்டும்

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள் முதலில் சர்க்கரையைப் பார்க்கட்டும். இதய வால்வில் பழுது உள்ளவர்கள், சின்ன வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்தவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் உங்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் குத்த வேண்டாம். பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிடுகிற பிள்ளைகளும் அப்படியே, புண் ஆறுவது தாமதமாகலாம். கர்ப்பமாக இருப்பவர்கள் பிரசவம் முடிந்து பார்த்துக்கொள்ளலாம்.

தழும்பு தடித்து வளரும் உடல்வாகு, கீலாய்டு என்று டாக்டர்கள் சொல்வது, குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் அதை நன்றாக யோசியுங்கள். அம்மாவின் ஆபரேஷன் தழும்பு, அண்ணனின் தடுப்பூசித் தழும்பு எப்படியிருக்கிறது என்று பாருங்கள். தழும்பு புண்ணின் எல்லையைத் தாண்டி ரப்பர் போல வளர்ந்திருந்தால், மேல்காது உங்களுக்கு வேண்டாம். காதின் பின்னால் நெல்லிக்காய் அளவுக்கு வளர்ந்து வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வெட்டினாலும் திரும்ப வளரும். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு ஊசி போட வேண்டிவரும்.

தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். டெட்டனஸ் ஊசி காலத்தில் போட்டிருக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி ஊசி இப்போது பிறக்கிற குழந்தைகளுக்கெல்லாம் போடுகிறார்கள், ஆனால் இன்று கல்லூரியில் படிக்கிற பலர் பிறந்தபோது அது அரசுத் திட்டத்தில் சேரவில்லை. போடாதவர்கள் 0, 1, 6 மாதம் என்று மூன்று டோஸ் போட்டுக்கொள்ளலாம். காது குத்தாவிட்டாலும் போட்டுக்கொள்ள வேண்டிய ஊசிதான்.

நாளையும் யோசித்து வையுங்கள். அடுத்த மாதம் கல்யாணம், இப்போது மூக்கு குத்தலாமா என்று கேட்டு வருகிறார்கள். மூக்கு ஆற 4 முதல் 6 மாதம். கல்யாணத்தன்று அந்த ஆறாத துளையில் எட்டுக்கல் பேசரியைத் திணிக்கப் பார்ப்பார்கள். குறைந்தது ஆறு மாதம் முன்னாடி குத்துங்கள்.

அன்றைக்கு

நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றோடு போகிற பிள்ளைகள் மயங்கி விழுவார்கள். தலை குளித்து, முடியை உயரக் கட்டிக்கொள்ளுங்கள்.

நல்ல ஆள் செய்யும் வரிசை இது. கையை சோப்பு போட்டுக் கழுவுவார், கையுறை போடுவார். காதைத் துடைத்துவிட்டுப் பேனாவால் புள்ளி வைப்பார். புள்ளி வைக்கும்போது நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், படுத்த நிலையில் வைத்தால் எழுந்ததும் இடம் மாறித் தெரியும். கண்ணாடியைக் கொடுத்து, சரியா என்று கேட்பார். சரியில்லை என்றால் கூச்சப்படாமல் சொல்லுங்கள், அழித்துவிட்டுத் திரும்ப வைக்கட்டும், இன்னும் குத்தவில்லையே. பிறகு கிருமி நீக்கிய பையை உங்கள் முன் பிரிப்பார். கையுறை மாற்றுவார். அந்தக் கையுறையோடு போனையோ, டிராயரையோ, தன் முடியையோ தொட்டால், மாற்றச் சொல்லுங்கள். தயங்காதீர்கள், ஆபரேஷன் தியேட்டரில் நாங்கள் டாக்டரிடமே சொல்வோம்.

ஊசி உள்ளே குழல் உள்ளதாக, ஒரு தடவை பயன்படுத்தி எறிவதாக இருக்க வேண்டும். மூச்சை இழுத்து மெல்ல விடச் சொல்வார், விடும்போது ஊசி போய்விடும். நகை ஊசியின் பின்னாலேயே நுழையும். முடிந்ததும் ஊசி, குத்தித் துளைக்க முடியாத கெட்டியான வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போக வேண்டும். சாதாரணக் குப்பைக்கூடையில் போட்டால், அந்தக் குப்பையை அள்ளுகிற அம்மாவின் கையை யாரும் நினைக்கவில்லை என்று அர்த்தம்.

குழந்தைக்குக் காது குத்து

குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் வைத்துக் குத்துவது நம் வழக்கம். ஏழு, ஒன்பது, பதினொன்று என்று ஒற்றைப்படை மாதம் பார்ப்பார்கள். இதில் ஒரு நல்லது இருக்கிறது: பென்டாவேலன்ட் தடுப்பூசி 6, 10, 14 வாரங்களில் போட்டு முடிந்திருக்கும், டெட்டனஸும் ஹெபடைடிஸ் பியும் அதிலேயே அடக்கம். அதனால் மூன்று டோஸும் முடிந்த பிறகுதான் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பிறந்த சில வாரத்திலேயே குத்திக் கொண்டுவருவதைப் பார்த்தால் எனக்குப் பதறும்.

கோயிலில் ஒரே ஊசியால் வரிசையாகப் பல குழந்தைகளுக்குக் குத்துவதைப் பார்த்திருக்கிறேன். அதற்குச் சம்மதிக்க வேண்டாம். ஆசாரியிடம் மரியாதையாகச் சொல்லி, மெடிக்கலில் உறை பிரிக்காத ஊசி வாங்கிக் கொடுங்கள். கம்மலை முன்னாடியே தெரிந்த கிளினிக்கில் கொடுத்து ஆட்டோகிளேவில் வைத்து வாங்கி வாருங்கள். குழந்தை டாக்டரோ, காது மூக்கு டாக்டரோ குத்திவிடுகிற இடங்களும் உண்டு. காதை அங்கே குத்திவிட்டு, மாமன் மடி, சீர், விருந்தையெல்லாம் கோயிலில் வைத்துக்கொள்கிற குடும்பங்கள் இப்போது நிறைய. சாமி கோபித்துக்கொள்ளாது. திருகாணியை இறுக்கி முடுக்காதீர்கள், குழந்தையின் சோணை வளரும். வாரம் ஒரு தடவையாவது, திருகாணி சதையில் புதையவில்லையே என்று பின்பக்கம் பாருங்கள்.

மூக்கு, நாக்கு, தொப்புள்

மூக்குத்தியில் எங்கள் பிரிவுக்கு வரும் தனிப் பிரச்சினை திருகாணி. தூக்கத்தில் கழன்று, மூக்குக்குள் விழுந்து, மூச்சுக்குழாய் வரைக்கும் போய்விடும். 'மூக்குத்தி காணாமப் போச்சு, அதிலிருந்து இருமல்' என்று வருவார்கள், எக்ஸ்ரேயில் நுரையீரல் பக்கம் பளிச்சென்று தெரியும். குழாய் விட்டுத்தான் எடுக்க வேண்டும். பழைய மூக்குத்தி என்றால் மாதம் ஒரு முறை நகைக்கடையில் மரையைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். இரவில் திருகாணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுப்பது நல்ல பழக்கம்.

நாக்கு சீக்கிரம், 4 முதல் 8 வாரத்தில் ஆறிவிடும். ஆனால் கம்பி தட்டித் தட்டிப் பல் உடைவதும் ஈறு தேய்வதும் பிறகு வரும், நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. தொப்புள் ஆற 6 மாதத்திலிருந்து ஒரு வருடம். சேலைக் கொசுவமும் பாவாடை நாடாவும் அங்கேதானே உரசும்; தினம் சேலை கட்டுகிற வேலை என்றால் வேண்டாம்.

ஆற்றுவது

இதில்தான் நம் வீட்டுப் பெரியவர்களோடு நான் தினமும் வாதாடுகிறேன். தேங்காயெண்ணெயும் மஞ்சளும் குழைத்துத் தடவுவார்கள். துளை தூர்ந்துவிடக் கூடாது என்று வேப்பங்குச்சியோ விளக்குமாற்றுக் குச்சியோ சொருகுவார்கள். அன்பாகத்தான் செய்கிறார்கள். ஆனால் எண்ணெய் துளையை அடைத்து அழுக்கைப் பிடித்துவைக்கும், சமையலறை மஞ்சள் கிருமி நீக்கிய பொருள் கிடையாது, குச்சி என்பது புண்ணுக்குள் போகும் மரத்துண்டு. மூன்றும் வேண்டாம். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, டெட்டால் இவையும் வேண்டாம், வளரும் புதுத்தோலை எரித்துவிடும்.

வேண்டியது நார்மல் சலைன் மட்டும், 0.9 சதவீத உப்பு நீர். மெடிக்கலில் கிடைக்கும். பாட்டிலைத் திறந்தால் அன்றைக்கே முடித்துவிட வேண்டும், அதில் கிருமி வளராமல் தடுக்க எதுவும் சேர்ப்பதில்லை. அதனால் 10 மில்லி சின்ன ஆம்பூலாக வாங்குவது நல்லது. வீட்டில் உப்பு கரைத்தால் பெரும்பாலும் கரிப்பு கூடிப்போய்த் தோல் வறளும்.

காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. கையைக் கழுவுங்கள். சலைனை முன்னும் பின்னும் ஊற்றி, இளகின பொருக்கை மட்டும் புதுக் காஸ் துணியால் ஒற்றி எடுங்கள். பஞ்சு நூல் விடும், மாட்டிக்கொள்ளும். பிறகு ஈரமில்லாமல் ஒற்றி விடுங்கள். அவ்வளவுதான். தோட்டைத் திருகிச் சுற்றிவிட வேண்டும் என்று சொல்வார்கள். சுற்றாதீர்கள், உள்ளே உருவாகிற தோல் கிழியும். வெள்ளையாக, இளமஞ்சளாகக் கசிந்து காய்வது சீழ் கிடையாது, புண் ஆறும்போது வருகிற நீர்தான்.

எண்ணெய் தேய்த்துக் குளித்தால் காதில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஷாம்பு, சீயக்காய் பட்டால் நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள். தலையணை உறையை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். குத்தின பக்கம் படுக்காதீர்கள், போனை மறுகாதில் வையுங்கள், ஹெல்மெட்டை நேராக மேலிருந்து இறக்குங்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: சீசன் தொடங்கிவிட்டது என்று ஆறாத காதோடு குற்றாலத்துக்குப் போகாதீர்கள், தாமிரபரணியிலும் முங்காதீர்கள். சோணை என்றால் 6 முதல் 8 வாரம். மேல்காது என்றால் 6 முதல் 12 மாதம் ஆறவேண்டும், அதில் முதல் சில மாதமாவது ஆற்றுத் தண்ணீரும் அருவித் தண்ணீரும் படக் கூடாது. வெளியே ஆறிவிட்டது போலத் தெரியும், உள்ளே ஆறியிருக்காது. அதை நம்பி நகையை மாற்றினால்தான் பலருக்கு மறுபடி வீங்குகிறது.

ரத்த தானம் செய்கிறவர்கள் படிவத்தில் காது குத்தியதை மறைக்காமல் எழுதுங்கள், கொஞ்ச காலம் கழித்து வரச் சொல்வார்கள்.

ஆஸ்பத்திரிக்கு எப்போது

முதல் சில நாள் லேசான சிவப்பும் வலியும் இருக்கும், குறைந்துகொண்டே வரவேண்டும். குறைந்த வலி திரும்பக் கூடினால், காது சுட்டால், விண்விண்ணென்று தெறித்தால், பச்சையாகவோ நாற்றத்தோடோ கசிந்தால், காய்ச்சல் வந்தால், கழுத்தில் நெறி கட்டினால் டாக்டரைப் பார்க்க வேண்டும். மேல்காது குத்தினவர்கள் ஒன்றை முக்கியமாகக் கவனியுங்கள்: காதின் மேல்பகுதி முழுக்கச் சிவந்து தடித்து, சோணை மட்டும் சாதாரணமாக இருந்தால் அது குருத்தெலும்புச் சவ்வில் வந்த புண். அன்றைக்கே வரவேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்பது கூடாது.

மெடிக்கலில் கேட்டு அமாக்ஸிசிலின் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ஐந்து நாள் கழித்து வருகிறார்கள். சூடோமோனாஸுக்கு அது வேலை செய்யாது. அந்த ஐந்து நாளில்தான் குருத்தெலும்பு போகிறது. தோட்டை நீங்களாகக் கழற்றவும் வேண்டாம், வெளித்துளை மூடிக்கொண்டு சீழ் உள்ளேயே தங்கிவிடலாம். கழற்றுவதா வைப்பதா என்று டாக்டர் முடிவு செய்வார்.

வரும்போது எந்தத் தேதியில் குத்தியது, ஊசியா கன்னா, நகை என்ன உலோகம், இதுவரை என்ன தடவினீர்கள், என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்பதை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். மஞ்சள் தடவியிருந்தால் அதையும் எழுதுங்கள், நாங்கள் திட்ட மாட்டோம். சீழ் இருந்தால் துடைத்துவிட்டு வராதீர்கள், எந்தக் கிருமி என்று ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு அது வேண்டும். அம்மாவுக்குத் தெரியாமல் குத்திய பிள்ளைகள் தனியாக வர பயந்து நாளைக் கடத்துகிறார்கள். அத்தையோ, சித்தியோ, ஹாஸ்டல் வார்டனோ, நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு அன்றைக்கே வந்துவிடுங்கள். ஓபி முடிந்திருந்தால் எமர்ஜென்சியில் சொல்லுங்கள்.